வராமல் போன விலைக்குறைப்பு



2020 மே மாதத்தின் முதல் வாரத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஊரடங்கு தொடங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. பேருந்து கிடையாது, கடைகள் பாதி நேரம், சம்பளம் வந்தவர்களுக்கும் அரைகுறை. அந்த ஒரே வாரத்தில் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மீது மூன்று வரிகள் ஏறின.

முதலாவது மே 4, திங்கட்கிழமை. மாநில அரசு பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தியது. சென்னையில் 72 ரூபாய் 28 பைசாவாக இருந்த பெட்ரோல் 75 ரூபாய் 54 பைசா ஆனது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் செய்தி. எதிர்க்கட்சிகளிடமிருந்து கண்டன அறிக்கை. இன்னொன்று மே 7, வியாழக்கிழமை. மூடியிருந்த டாஸ்மாக் கடைகள் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் திறந்தன. கூடவே மது மீதான ஆயத்தீர்வை உயர்ந்தது. சாதாரண ரகம் குவார்ட்டருக்கு 10 ரூபாய், அதற்கு மேற்பட்ட ரகங்களுக்கு 20 ரூபாய். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

இரண்டுக்கும் நடுவே, மே 5 செவ்வாய் இரவு, மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாயும் டீசல் மீதான வரியை 13 ரூபாயும் கூட்டியது. மூன்றிலும் மிகப் பெரியது இதுதான். புதன்கிழமை காலை சென்னை பங்க்குகளில் பெட்ரோல் என்ன விலை? அதே 75 ரூபாய் 54 பைசா. ஒரு பைசா ஏறவில்லை. அதனால் யாரும் கோபப்படவும் இல்லை.

எப்படி ஏறாமல் இருந்தது? அதற்கு முந்தைய ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழே போயிருந்தது. உலகமே வீட்டுக்குள் இருந்ததால் எண்ணெய்க்கு ஆள் இல்லை. அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போனது. நியாயமாக நம் ஊர் பங்க்கிலும் லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் இறங்கியிருக்க வேண்டும். இறங்க வேண்டிய அந்தத் தொகையைத்தான் கலால் வரி எடுத்துக்கொண்டது. விலை ஏறியிருந்தால் நமக்கு உறைத்திருக்கும். வர வேண்டியது வராமல் போனால் உறைப்பதில்லை. கலால் வரியைப் பற்றி நான் இன்று சொல்ல வந்ததில் பாதி இதுதான்: அது பெரும்பாலும் விலையேற்றமாக வருவதில்லை, வராமல் போன விலைக்குறைப்பாக வருகிறது.

இந்தத் தலைப்பைத் திருவொற்றியூரில் பேசக் கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. கலால் வரியின் நூறாண்டுச் சரித்திரத்தை இந்த ஊரைச் சுற்றியே சொல்லிவிடலாம். விம்கோ நகர் இங்கே, மணலி சுத்திகரிப்பு ஆலை பக்கத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தெற்கே. விம்கோவுக்கும் காசிமேட்டுக்கும் வருகிறேன்.

கலால் வரி என்பது பொருளை விற்பதற்கான வரி அல்ல. உற்பத்தி செய்வதற்கான வரி. சரக்கு ஆலையை விட்டு வெளியேறும்போது வசூலாகும். கட்டுபவர் உற்பத்தியாளர். அவர் அதைத் தன் விலையில் ஏற்றிவிடுவார். மொத்த வியாபாரி வாங்கும்போது அது வரி அல்ல, விலை. சில்லறைக் கடைக்கு வரும்போது அது எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. அரசுக்கு இதைவிட வசதியான வரி வேறு கிடையாது. கோடிக்கணக்கானவர்களின் பின்னால் ஓட வேண்டாம்; நாடு முழுவதும் இருக்கிற சில சுத்திகரிப்பு ஆலைகளில் கணக்கைப் பார்த்தால் போதும். ஏய்ப்பும் குறைவு. நிதித்துறை அதிகாரிகளுக்கு இதன்மேல் இருக்கும் பிரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

இப்போது விம்கோவுக்கு வருவோம். இன்று அது ரயில் நிலையத்தின் பெயர், மெட்ரோ நிலையத்தின் பெயர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம் அது என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ அங்கே வேலை பார்த்திருப்பார்கள். ஸ்வீடன் நாட்டுத் தீக்குச்சி முதலாளிகள் தொடங்கியது. அவர்கள் ஏன் இங்கே வந்து ஆலை கட்டினார்கள்? 1922இல் ஆங்கில அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. நம் தொழிலை வளர்க்கவேண்டும் என்ற நல்லெண்ணம் எல்லாம் இல்லை. கஜானாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. வரி அவ்வளவு அதிகமானதும் கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே செய்வது லாபம் என்று ஸ்வீடன்காரர்களுக்குப் புரிந்தது. 1923இல் விம்கோ வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை இல்லாத அந்தக் கரிசல் பூமிக்கு ஒரு பிழைப்பு கிடைத்தது.

பத்தாண்டில் இறக்குமதி சுருங்கிவிட்டது. இறக்குமதி சுருங்கினால் இறக்குமதி வரியும் போயிற்று அல்லவா? அரசு என்ன செய்தது? துறைமுகத்தில் போன வருமானத்தை ஆலை வாசலில் பிடித்தது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. சர்க்கரைக்கும் அதே கதை, அதே ஆண்டு: 1932இல் பாதுகாப்பு கொடுத்தார்கள், ஆலைகள் பெருகின, இறக்குமதி வரி விழுந்தது, 1934இல் கலால் வரி. பெட்ரோலுக்கு 1917, மண்ணெண்ணெய்க்கு 1922 என்று முன்பே வந்தாயிற்று. புகையிலைக்கு உலகப்போரின் நடுவே, 1943இல். ஒவ்வொன்றிலும் கொள்கையைத் தேடாதீர்கள். அந்த ஆண்டு பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையைத் தேடுங்கள், காரணம் கிடைத்துவிடும்.

தீப்பெட்டி வரியில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் பேண்ட்ரோல். வரி கட்டியதற்கு அத்தாட்சியாக அரசு விற்ற காகிதப் பட்டை. உற்பத்தியாளர் அதைக் காசு கொடுத்து வாங்கிப் பெட்டிமேல் ஒட்டித்தான் சரக்கை வெளியே அனுப்ப வேண்டும். ஒரு பெட்டிக்குள் எத்தனை குச்சி என்பதை வைத்து வரி விகிதம் மாறும். யோசித்துப் பாருங்கள்: அடுப்பு பற்றவைக்கப் பெட்டியைக் கையில் எடுத்த ஒரு பெண், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், சர்க்கார் இதில் காசு வாங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தாள். இன்று பங்க்கில் கொடுக்கும் ரசீதில் லிட்டர் இருக்கிறது, விலை இருக்கிறது, நேரம்கூட இருக்கிறது. வரி எவ்வளவு என்று இல்லை. 2017 ஜூலை 1ஆம் தேதிக்குப் பிறகு ஓட்டலில் இட்லி சாப்பிட்டால்கூட ஜிஎஸ்டி இத்தனை பைசா என்று பில்லில் இருக்கிறது. இட்லியைவிடப் பல மடங்கு வரி கட்டும் பொருளுக்கு அது இல்லை.

தீப்பெட்டிக் கதையை இன்னும் ஒரு நிமிடம் நீட்டுகிறேன். ஏனென்றால் கலால் வரி பொருளின் விலையை மட்டும் அல்ல, பொருளையும் தொழிலையும் எப்படி உருமாற்றும் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. விம்கோவின் இயந்திரக் குச்சிக்கு அதிக வரி, சிவகாசியின் கைக்குச்சிக்குக் குறைந்த வரி. கைத்தொழிலிலும் சிறிய உற்பத்தியாளருக்கு இன்னும் குறைவு. நோக்கம் நல்லதுதான், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை. ஆனால் ஓர் அளவுக்கு மேல் உற்பத்தி செய்தால் வரி கூடும் என்றால் யார் வளர்வார்கள்? ஓர் ஆலை வளர்ந்து பெரிதாவதற்குப் பதிலாக அண்ணன் பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று என்று உடைந்தது. சின்ன ஆலை சின்னதாகவே இருப்பதுதான் லாபம் என்று வரிச் சட்டம் சொல்லிக்கொடுத்தது. சின்ன ஆலையில் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

சிகரெட்டிலும் இந்த விளையாட்டைப் பார்க்கலாம். சிகரெட்டுக்குக் கலால் வரி ஆயிரம் குச்சிக்கு இத்தனை என்று, அதுவும் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து விதிக்கப்படுகிறது. 2012இல் 65 மில்லிமீட்டருக்கு மேற்படாதது என்று குறைந்த வரியில் ஒரு படியை வைத்தார்கள். உடனே கடைக்கு 64 மில்லிமீட்டர் சிகரெட் வந்தது. புகைப்பவர் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. சட்டத்தின் வாசகத்தை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியது அது.

சரி, சாதாரண மக்களுக்கு வருவோம்.

இந்த வரி அளவின் மீது விழுகிறது. லிட்டருக்கு இவ்வளவு, ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு, அந்தக் காலத்தில் உப்புக்கு மணுக்கு இவ்வளவு. வாங்குபவர் யார் என்று பார்ப்பதில்லை. உப்பு வரிக்கு எதிராக 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது இதற்காகத்தான். அந்த வரியின் தொகை மட்டுமே பிரச்சினை அல்ல. ஜமீன்தாரின் வயிற்றுக்கும் கூலிக்காரனின் வயிற்றுக்கும் உப்பு ஒரே அளவுதான் வேண்டும், வியர்வை சிந்துகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும் என்பதுதான் வாதம். 1947இல் அந்த வரி போனது. ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன், 1944இல், வெள்ளைக்காரன் எழுதிய மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம் நிலைத்துவிட்டது. பெயரில் உப்பு வெகுகாலம் ஒட்டிக்கொண்டே இருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இன்றும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் அடிப்படைக் கலால் வரி.

பெட்ரோலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். நம் தெருவில் டெலிவரி வேலை பார்க்கிற ஒரு தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று லிட்டர், மாதம் 26 நாள் என்றால் 78 லிட்டர். 2025 ஏப்ரலில் பெட்ரோலுக்கான மத்திய கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 பைசா ஆனது. அந்த விகிதத்தில் 78 லிட்டருக்கு 1,708 ரூபாய். ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல். மாநில வரி இதில் சேரவில்லை, அது தனி. அதன் சதவீதப் பகுதி கலால் வரியும் சேர்ந்த விலையின் மீதே கணக்கிடப்படுவதால் வரிக்கு மேல் ஒரு வரி. அந்தத் தம்பி மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தால் நூற்றில் எட்டரை ரூபாய் மத்திய கலால் வரிக்கே போகிறது. மாதம் இரண்டு லட்சம் சம்பாதித்து, காருக்கு 100 லிட்டர் போடுகிறவருக்கு அது நூற்றில் ஒரு ரூபாய்தான்.

2025 பட்ஜெட்டில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார்கள். வரவேற்கிறேன். அன்று தொலைக்காட்சியில் பேசியவர்கள் எல்லாரும் ‘வரி கட்டுபவர்கள்’, ‘வரி கட்டாதவர்கள்’ என்று நாட்டை இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். அந்தத் தம்பி எந்தப் பக்கம்? வருமான வரி கட்டாதவர் பட்டியலில் இருக்கிறார். ஆண்டுக்கு 20,000 ரூபாயை, பான் கார்டும் படிவமும் இல்லாமல், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், பங்க் வாசலிலேயே கட்டிவிட்டுப் போகிறார்.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் அடுத்த வரியாக, டீசல் வரியால்தான் தக்காளி விலை ஏறியது என்பார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். பிறகு பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து கோயம்பேடு சுமார் 450 கிலோமீட்டர். லாரி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் போகிறது என்றால் 100 லிட்டர் டீசல். 2025 ஏப்ரல் விகிதப்படி லிட்டருக்குக் கலால் வரி 17 ரூபாய் 80 பைசா, ஆக 1,780 ரூபாய். பத்து டன் காய்கறிக்கு அதைப் பங்கிட்டால் கிலோவுக்கு 18 பைசா. வண்டி காலியாகத் திரும்புகிறது என்று வைத்து இரட்டிப்பாக்கினாலும் 36 பைசா. டிராக்டருக்கு, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு, பெட்டியை ஏற்றி வருகிற ஆட்டோவுக்கு என்று கூட்டிக்கொண்டே போனாலும் தக்காளி 20 ரூபாயிலிருந்து 80 ரூபாய்க்குப் போனதற்கு அது கணக்காகாது. அது மழையின் வேலை, வரத்தின் வேலை. எல்லா விலையேற்றத்தையும் டீசல் தலையில் கட்டினால், அந்த வரி உண்மையிலேயே யாரை அழுத்துகிறதோ அவர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். காய்கறி வாங்குபவரிடம் அது ஆயிரம் கூறாகச் சிதறி வந்து சேர்கிறது. எரிபொருளையே எரித்துப் பிழைப்பவரிடம் அது மொத்தமாக வந்து விழுகிறது. அவரால் அதை அடுத்தவர் மேல் தள்ளவும் முடிவதில்லை.

லாரிக்காரர் வாடகையைக் கூட்டிக் கேட்கலாம், சில சமயம் கிடைக்கும். டெலிவரித் தம்பிக்குக் கூலியை அவர் தீர்மானிப்பதில்லை. செல்போன் செயலி தீர்மானிக்கிறது. மீனவருக்கு விலையை ஏலக்களம் தீர்மானிக்கிறது. படகு திரும்பி வந்து மீனைக் கொட்டிய பிறகு, ‘எனக்கு டீசல் கூடுதலாகச் செலவாகிவிட்டது, விலையைக் கூட்டுங்கள்’ என்று சொல்ல ஏலத்தில் இடம் இல்லை. அன்று எல்லாப் படகுக்கும் நல்ல மீன்பாடு இருந்தால் விலை விழும், அவ்வளவுதான்.

காசிமேட்டுக்காரர்கள் இங்கே நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் டீசலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மாநில அரசு விசைப்படகுகளுக்கு ஓர் அளவு வரை விற்பனை வரி இல்லாமல் டீசல் தருகிறது. மத்திய வரிக்கு அந்த விலக்கு இல்லை. 2025 ஏப்ரலில் வந்த 17 ரூபாய் 80 பைசா என்ற அந்தத் தொகையில் நான்கு பெயர்கள் இருந்தன. அடிப்படைக் கலால் வரி ஒரு ரூபாய் 80 பைசா. சிறப்புக் கூடுதல் கலால் வரி பத்து ரூபாய். வேளாண் உள்கட்டமைப்பு செஸ் நான்கு ரூபாய். சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் இரண்டு ரூபாய். கடலில் ஓடுகிற படகு சாலைக்கு செஸ் கட்டுகிறது. இரண்டு ரூபாய்தானே என்று தோன்றலாம். நான் தொடக்கத்தில் சொன்ன 2020 மே 6ஆம் தேதி அந்தச் சாலை செஸ் மட்டும் டீசலுக்கு லிட்டருக்கு 18 ரூபாய் ஆனது. ஒரு படகு கடலுக்குப் போய்வர 1,000 லிட்டர் டீசல் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு 18,000 ரூபாய் சாலை வரி! எந்தச் சாலையில் போனது அந்தப் படகு? தமிழக மீனவர் அமைப்புகள் இந்த வரியிலிருந்து விலக்குக் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டன. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஜூன் நடுவில் முதல் டீசலை நிரப்பும்போது அவர்கள் கட்டுவதில் சாலைக்கான காசும் உண்டு. வயலை விட்டு வெளியே வராத டிராக்டருக்கும் இதே நியாயம்தான்.

இந்தப் பெயர்களை நான் வரிசையாகச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. அடிப்படைக் கலால் வரி மட்டும்தான் மத்திய அரசும் மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும் தொகுப்பில் சேரும். செஸ் என்றும், சிறப்புக் கூடுதல் என்றும் பெயர் வைத்தால் அரசியல் சட்டப்படி பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 2021இல் பெட்ரோலுக்குக் கலால் வரி 32 ரூபாய் 90 பைசாவாக இருந்தபோது, அதில் பங்கிடத் தக்கது ஒரு ரூபாய் 40 பைசா மட்டும். 15ஆவது நிதி ஆணையத்தின் கணக்குப்படி அதில் 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, அதாவது 57 பைசா. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. பெருக்கிப் பாருங்கள்: இரண்டே கால் பைசா சொச்சம். 33 ரூபாய் வரியில், வரிப்பகிர்வாக நம் மாநிலத்துக்கு வர வேண்டியது இரண்டே கால் பைசா! சாலை செஸ்ஸில் கொஞ்சம் சாலைத் திட்டங்களாகத் திரும்பி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது எங்கே, எப்போது என்பதை மாநிலம் தீர்மானிப்பதில்லை.

மத்திய அரசின் பக்கத்தையும் கேட்போம். 2014-15இல் பெட்ரோலியப் பொருள்களிலிருந்து கலால் வரி வருமானம் சுமார் 99,000 கோடி ரூபாய். 2020-21இல் சுமார் 3,73,000 கோடி. அந்த ஆண்டு மற்ற வரி எல்லாம் படுத்துவிட்டது. இலவச அரிசிக்கும் மருத்துவத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. கிடைத்த ஒரே கிணற்றில் இறைத்தார்கள். இதை ஒரு நியாயமான பதிலாகவே ஏற்கிறேன். ஆனால் கொரோனா வருவதற்கு வெகு முன்பே, 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை ஒன்பது தடவை இந்த வரி ஏறியது. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 30க்குக் கீழே விழுந்த காலம் அது. அதே வித்தைதான்: விலை விழ விழ, வரி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. 2014 ஏப்ரலில் பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 பைசாவாக இருந்தது 2020 மே மாதத்தில் 32 ரூபாய் 98 பைசா. பின்பு கச்சா எண்ணெய் ஏறியபோது 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள், உண்மை. 2025 ஏப்ரலில் இரண்டு ரூபாய் ஏற்றினார்கள். அன்றும் பங்க் விலை அசையவில்லை. அந்த இரண்டு ரூபாயைப் பற்றி யாராவது வீட்டில் பேசினீர்களா?

மாநில அரசும் இதில் உத்தமர் இல்லை. 2021 ஆகஸ்டில் திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தபோது ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று நிதியமைச்சர் சொன்னார். மூன்று ரூபாயே இவ்வளவு என்றால் குறைக்காமல் விட்டது எவ்வளவு என்பதை நீங்களே ஊகிக்கலாம். மாநிலத்தின் பெரிய கிணறு இன்னொன்று. 2023-24இல் மதுவிலிருந்து ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியுமாக வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். மதுவுக்கு வரி கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புகையிலைக்கு விலையில் குறைந்தது 75 விழுக்காடு வரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மதுவிலும் விலை ஏறினால் முதலில் விடுபவர்கள் ஏழைகளும் இளைஞர்களும்தான், அது நல்லதுதான். ஆனால் விட முடியாத இடத்துக்குப் போய்விட்ட குடிகாரருக்கு இந்த விதி வேலை செய்வதில்லை. அவர் குவார்ட்டரைக் குறைப்பதில்லை. வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்கிறார். 2020 மே 7ஆம் தேதி ஏறிய அந்தப் பத்து ரூபாயைக் கட்டியது பல வீடுகளில் மனைவி.

இந்த வருமானத்தை விட முடியாது என்பது புதிய பேச்சு அல்ல. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் அதையே கேட்டார்கள்: சாராயத் தீர்வை போனால் சர்க்கார் எப்படி நடக்கும்? அவர் 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். எல்லாப் பொருளின் விற்பனைக்கும் பொதுவாக ஒரு வரி என்பது இந்தியாவில் முதலில் சென்னை மாகாணத்தில் வந்தது அப்படித்தான். பிறகு 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. விற்பனை வரி திரும்பிப் போகவில்லை. ஒரு தீர்வைக்குப் பதிலாக வந்த வரியும், விட்ட தீர்வையும், இன்று இரண்டும் ஒரே பாட்டிலில் இருக்கின்றன.

கடைசியாக, பலரும் கேட்கிற கேள்வி: பெட்ரோலை ஏன் ஜிஎஸ்டியில் சேர்க்கவில்லை? சோப்பு, பிஸ்கட், சிமென்ட் எல்லாவற்றுக்கும் இருந்த கலால் வரி 2017 ஜூலையோடு போய்விட்டது. கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு, இந்த ஐந்தையும் புகையிலையையும் மட்டும் மத்திய கலால் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து எரிபொருளையும் எந்தத் தேதியிலிருந்து ஜிஎஸ்டியில் கொண்டுவருவது என்று கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தேதி மட்டும் வரவில்லை. கேரள உயர் நீதிமன்றம் கேட்டதால் 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய கவுன்சில் இதை எடுத்தது. மத்தியில் ஆள்பவர்கள் மாநிலத்தைக் குறை சொல்வார்கள், மாநிலத்தில் ஆள்பவர்கள் மத்தியைக் குறை சொல்வார்கள். லக்னோவில் அந்தச் சண்டை நடக்கவில்லை. ‘இது சமயம் அல்ல’ என்பதில் கருத்து வேற்றுமை இல்லாமல் எழுந்து போனார்கள். ஜிஎஸ்டியில் வந்தால் பில்லில் வரியைத் தனியாகக் காட்ட வேண்டும். கச்சா எண்ணெய் இறங்கினால் சதவீத வரியும் கூடவே இறங்கும். விலை இறங்கும்போது இரவோடு இரவாக நடுவில் புகுந்துகொள்ள முடியாது. லக்னோவில் அந்த ஒற்றுமைக்கு வருமான இழப்பைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு இவையும் காரணம் என்று தோன்றுகிறது.

மீனவர் டீசலுக்கு அதுவரை காத்திருக்கத் தேவை இல்லை. சாலை செஸ்ஸுக்கு விலக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம், கவுன்சில் வேண்டாம்; மத்திய நிதி அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும். ரசீதில் வரியைத் தனியே அச்சிடவும் அப்படித்தான். விலைப்பட்டியலின் உள்விவரத்தை எண்ணெய் நிறுவனங்கள் டெல்லி விலைக்குத் தாங்களாகவே வெளியிட்டு வருகின்றன, அதே கணக்கைப் பங்க் இயந்திரத்தில் ஏற்றுவது பெரிய வேலை அல்ல.

நேரம் ஆகிவிட்டது. நான் பேசும்போதே பின்வரிசையில் காசிமேட்டு அண்ணன் ஒருவர் இரண்டு தடவை கையைத் தூக்கினார். கேள்விகளை அவரிடமிருந்தே தொடங்கலாம். அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள்.